கயிற்றின் மறுமுனை

தேடல் நூல்கள் பெரும்பாலும் வென்றவர்களால் எழுதப்படுகின்றன. மலைமுடியில் கொடி நாட்டியவரும், துருவத்தில் கால் பதித்தவரும், கடலின் ஆழத்தை அளந்தவருமே ஊர் திரும்பியதும் எழுத அமர்கிறார்கள். அவர்கள் எழுதியதை நாம் வியப்போடு படிக்கிறோம்; வியப்பு அடங்கியதும் நூலை மூடி வைத்துவிடுகிறோம். தோற்றுத் திரும்பியவர் எழுதிய ஏடுகள் அரியவை. அந்தத் தோல்விக்குக் காரணம் இயற்கையின் சீற்றமன்று, தம் பக்கத்துப் பிழையே என்று எழுதியவர் அவர்களினும் அரியர்.

அத்தகைய அத்தியாயம் ஒன்றைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியாயிருந்த ஜாக் கூஸ்தோ, தம் தோழர் ஃபிரெடெரிக் துமாவுடன் சேர்ந்து 1953-இல் வெளியிட்ட 'மௌன உலகம்' என்னும் நூலில் அது இடம்பெற்றுள்ளது. ஆசிரியர் பிரெஞ்சுக்காரராயினும் நூல் முதலில் ஆங்கிலத்திலேயே வெளிவந்தது. 1956-இல் அதே பெயரில் அவரும் லூயி மாலும் சேர்ந்து உருவாக்கிய திரைப்படம் கான் திரைப்பட விழாவின் தலையாய விருதைப் பெற்றது. படத்தின் புகழில் நூல் சற்றே மறைந்துபோயிற்று. படத்தின் வண்ணக் கடலை அறிந்தோர் பலர். நூலின் இருண்ட குகையை அறிந்தோர் சிலரே.

நூல் பெரும்பகுதி கடலைப் பற்றியது. ஆனால் தாமும் தம் தோழர்களும் முக்குளித்த ஐயாயிரம் முறைகளில் தங்களுக்கு நேர்ந்த மிகக் கொடிய அனுபவம் கடலில் நேரவில்லை, நிலத்தின் நடுவேயுள்ள ஒரு சுனையில் நேர்ந்தது என்று ஆசிரியர் குகையைப் பற்றிய அத்தியாயத்தின் வாயிலிலேயே சொல்லிவிடுகிறார். முடிவை ஒளித்து வைத்து நம்மை ஏங்க வைக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. என்ன நடந்தது என்பதைவிட, அது ஏன் நடந்தது என்பதிலேயே அவர் கருத்து நிலைத்திருக்கிறது. நாமும் அந்தக் கேள்வியை முன்வைத்தே அத்தியாயத்தை ஆராய்வோம்.

சுனையும் அதன் புதிரும்

தென் பிரான்சில் அவின்யோன் நகருக்குக் கிழக்கே, இருநூறு மீட்டருக்கும் மேல் செங்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறையொன்றின் அடியில் வோக்ளூஸ் ஊற்று இருக்கிறது. கோடையில் பார்த்தால் அது பாறைக் கிண்ணத்தின் அடியில் அசையாது கிடக்கும் பசுநீர்க் குட்டை. மழையும் உருகிய பனியும் சேரும் காலத்தில் அதே குட்டை பொங்கி எழுந்து, விளிம்பைத் தாண்டி, பேரிரைச்சலோடு பாறைகளின் மீது சரிந்து ஓடுகிறது. சோர்க் என்னும் ஆறு பிறக்கும் இடம் அதுதான். ஆண்டொன்றுக்கு அது வெளியிடும் நீர் 60 கோடி கன மீட்டருக்கும் மேல். பிரான்சில் அதற்கு நிகரான ஊற்று வேறில்லை. அடியிலிருந்து மேல்நோக்கி எழும் இத்தகைய ஊற்றுகள் எங்கிருந்தாலும் அவற்றை 'வோக்ளூசிய ஊற்றுகள்' என்றே நிலவியலார் அழைக்கின்றனர்.

இலக்கிய அன்பர்களுக்கு இவ்விடம் வேறு வகையிலும் அறிமுகமானது. இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் 1337-இல் இங்கே வீடு கொண்டு, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இடையிடையே இங்கு வாழ்ந்தார். அவர் பாடிய தெளிநீர் இந்தச் சோர்க் ஆற்றின் நீரே. கவிஞர் கண்டது நீரின் முகத்தை. அதன் அடியில் என்ன இருக்கிறது என்ற கேள்வி அவருக்குப் பின் ஐந்நூறு ஆண்டுகள் கழித்தே கருவிகளோடு கேட்கப்பட்டது. 1878-இல் மார்சேய் நகரத்து முக்குளிப்பாளர் ஓத்தோனெல்லி, உலோகத் தலைக்கவசம் அணிந்து 23 மீட்டர் இறங்கினார். 1938-இல் நேக்ரி என்பவர் இறங்கி, தாம் கண்டவற்றை விரிவாக விவரித்தார்.

ஊற்று ஏன் இப்படிப் பொங்குகிறது? இன்று நமக்கு விடை ஓரளவு தெளிவு. வாந்தூ மலையும் அதைச் சூழ்ந்த சுண்ணாம்பு மேடுகளுமாக ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் பெய்யும் மழையும் உருகும் பனியும் பாறை வெடிப்புகளில் இறங்கி, நிலத்தடியில் ஒன்றுகூடி, இந்த ஒரு வாயில் வழியே வெளியேறுகின்றன. 1946-இல் கூஸ்தோவின் குழு வந்தபோது, உள்ளே ஏதோ ஓர் இயற்கை நீர்வாங்கிக் குழாய் இருக்கிறதா, நீர் எந்த அறையில் தங்கி எப்பொழுது கவிழ்கிறது என்பதைக் கண்டறிவதே அவர்கள் நோக்கமாக இருந்தது. கூஸ்தோவும் அவர் தோழர்களும் அதற்கு முந்தைய ஆண்டில்தான் துலோன் துறைமுகத்தில் கடலடி ஆராய்ச்சிக் குழுவொன்றைக் கடற்படையில் நிறுவியிருந்தனர். அவர்கள் முதுகில் தாங்கிய 'அக்வாலங்' என்னும் காற்றுக் கருவியின் வயதும் அப்போது மூன்று ஆண்டுகளே.

இறக்கம்

1946 ஆகஸ்டு 27. கூஸ்தோவும் துமாவும் ஒரு சிறு கயிற்றால் ஒருவரையொருவர் பிணைத்துக்கொண்டு நீரில் இறங்கினர். அடியில் இரும்புப் பாளம் கட்டிய நீண்ட வழிகாட்டிக் கயிறு ஒன்று குகைக்குள் விடப்பட்டிருந்தது. அதன் மேல்முனையைப் பிடித்திருந்தவர் மோரிஸ் ஃபார்க். சைகைகள் முன்பே பேசி வைக்கப்பட்டிருந்தன. ஒரு முறை இழுத்தால் கயிற்றை இறுக்க வேண்டும். மூன்று முறை இழுத்தால் மேலும் கயிறு விட வேண்டும். ஆறு முறை இழுத்தால் ஆபத்து, உடனே மேலே இழுக்க வேண்டும். கரையில் ஊர்மக்கள் கூடி நின்றனர். இறுதி நேர வழிபாட்டுக்குத் தேவைப்பட்டால் உதவ ஊர்ப் பாதிரியாரும் வந்திருந்தார்.

இருளில் சாய்வாகச் செல்லும் சுரங்கத்தின் வழியே இருவரும் இறங்கினர். நேக்ரி கூறியிருந்த அடையாளங்களை எதிர்பார்த்தவர்களுக்கு வேறு வகையான குகையே தென்பட்டது. கற்கள் மேலிருந்து உருண்டு வந்து விழுந்தன. ஏறத்தாழ 46 மீட்டர் ஆழத்தில் நிலைமை மாறத் தொடங்கியது. கூஸ்தோவின் தலை கனத்தது. தாம் எதற்காக அங்கு வந்தோம் என்பதே அவர் நினைவிலிருந்து நழுவியது. துமாவின் நிலை அதைவிட மோசம். செயலிழந்த அவருடைய வாயிலிருந்து காற்றுக் குழாயின் முனையே நழுவியது. அதை மீண்டும் பற்றுமுன் தண்ணீரையும் குடித்துவிட்டார்.

இதற்கடுத்து வரும் பகுதியே அத்தியாயத்தின் உச்சம். துமாவின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு கூஸ்தோ வழிகாட்டிக் கயிற்றைப் பற்றி மேலேறத் தொடங்குகிறார். ஒரு கை மாற்றி ஒரு கை வைத்து ஏறுகிறார். ஆனால் ஏற ஏறக் கயிறு கீழே இறங்கி வந்துகொண்டே இருக்கிறது. மேலே கயிற்றைப் பிடித்திருக்கும் ஃபார்க், அந்த அசைவுகளை 'மேலும் கயிறு விடு' என்னும் சைகையாக எடுத்துக்கொண்டு, கடமை தவறாமல் விட்டுக்கொண்டே இருக்கிறார். கீழே இருப்பவர் உயிருக்குப் போராடுகிறார். மேலே இருப்பவர், தோழர்கள் புதிய ஆழங்களை நோக்கி முன்னேறுகிறார்கள் என்று மகிழ்கிறார். இருவரையும் இணைப்பது ஒரே கயிறு. இருவரும் அதில் படிப்பது இரு வேறு செய்திகள்.

இந்தக் காட்சியை ஆசிரியர் எழுதியிருக்கும் முறை நம் பாராட்டுக்குரியது. ஃபார்க்கின் மீது அவர் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. பாறை விளிம்புகளில் உராய்ந்து செல்லும் கயிற்றில் இழுப்புகளை எண்ணுவது எத்துணைக் கடினம் என்பதை அவரே எடுத்துரைக்கிறார். கடைசியில் அந்த ஆறு இழுப்புச் சைகை அவர் நினைவுக்கு வருகிறது. இழுக்கிறார். மேலே அது மிக மெல்லிய அதிர்வாக மட்டுமே போய்ச் சேர்கிறது. ஃபார்க்கிற்கு உறுதியில்லை. ஆயினும், தவறாக இழுத்துவிட்டால் தமக்கு நேரக்கூடிய தீங்கு யாது, கிடைப்பது ஒரு வசவுதானே என்று எண்ணிக் கயிற்றை மேலிழுக்கிறார். அந்த எண்ணம் இரு உயிர்களை மீட்டது.

நஞ்சு எங்கிருந்து வந்தது?

இத்துடன் அத்தியாயம் முடிந்திருந்தால் அது நல்ல சாகசக் கதையாக இருந்திருக்கும். நாம் இங்கே எடுத்துப் பேசியிருக்க மாட்டோம். இதன் பின்னர் வருவதே இதை வேறு தரத்துக்கு உயர்த்துகிறது.

முதல் இணை இந்நிலையில் வெளிவந்த பின்னரும், இரண்டாம் இணையாகப் பிலிப் தையேயும் கீ மொராந்தியேரும் அதே நாளில் இறங்கினர். அவர்களும் அதே மயக்கத்துக்கு ஆளாயினர். தையே வெளிவந்தபோது அவர் கைகளில் இரத்தம் வழிந்தது. தம் கத்தியாலேயே, உணர்வின்றி, தம் கைகளை அறுத்துக்கொண்டிருந்தார். நால்வர் இறங்கினர், நால்வரும் சாவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பினர், ஊற்றின் இரகசியம் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆழத்தில் மயக்கம் வரும் என்பதை அவர்கள் முன்பே அறிவர். அழுத்தம் மிகுந்த காற்றிலுள்ள நைட்ரஜன் ஒருவகைப் போதையைத் தரும். கூஸ்தோ அதனை 'ஆழத்தின் பரவசம்' என்று இதே நூலின் வேறோர் இடத்தில் விவரிக்கிறார். ஆகவே முதலில் குற்றம் நைட்ரஜன் மீது சுமத்தப்பட்டது. ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. நைட்ரஜன் மயக்கம் மேலேறத் தொடங்கியதும் தெளிந்துவிடும், இது தெளியவில்லை. துலோனுக்குத் திரும்பிய பின் சிலிண்டர்களில் எஞ்சியிருந்த காற்றைச் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது. சிலிண்டர்களை நிரப்பிய டீசல் காற்றழுத்தப் பொறி, தான் வெளிவிட்ட புகையையே மீண்டும் உறிஞ்சி உள்ளே அடைத்திருந்தது!

மேற்பரப்பிலேயே தீங்கு செய்யக்கூடிய அளவு அது. 50 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் 6 மடங்கு. உடலில் சேரும் நஞ்சின் வலிமையும் அதற்கேற்ப உயரும். அவர்கள் இன்னும் சற்று நேரம் கீழே தங்கியிருந்தால் நால்வரில் எவரும் மீண்டிருக்க இயலாது.

இந்த இடத்தில் ஆசிரியர் செய்ததை நாம் ஊன்றி நோக்க வேண்டும். குகையின் இருளையும் குளிரையும் பல பக்கங்களில் நமக்கு உணர்த்திய பின், அவை எவையும் குற்றவாளியல்ல என்று அவரே தீர்ப்புக் கூறுகிறார். சாவு குகையில் காத்திருக்கவில்லை. அவர்களே அதை முதுகில் சுமந்துகொண்டு உள்ளே போனார்கள். இதை மறைக்க வேண்டுமென்று அவர் விரும்பியிருந்தால் மறைத்திருக்கலாம். 'வோக்ளூசின் பயங்கரம்' என்று ஒரு கதையை எழுதி, ஊற்றை ஓர் அரக்கனாக்கித் தம்மை அதனோடு பொருதிய வீரராகக் காட்டியிருக்கலாம். வாசகர்களில் பெரும்பாலோர் அதையே விரும்பியிருப்பர். அவரோ வீரக்கதையின் உச்சியில் ஒரு புகைபோக்கிக் குழாயைக் கொண்டுவந்து வைக்கிறார். அது பார்வைக்கு அழகற்றது. கதையின் பெருமிதத்தைச் சட்டென்று தாழ்த்துவது. ஆயினும் உண்மை அதுவாக இருந்ததால் அதை வைக்கிறார்.

கரையில் காத்திருந்தவர்

அத்தியாயத்தில் மற்றொரு சிறு காட்சி உண்டு. நாம் படித்த கடல் நூல்களில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்கவை மிகச் சிலவே.

கூஸ்தோவின் மனைவி சிமோன், கணவர் குகைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனமில்லாமல் ஊருக்குள் போய் ஒரு கடையில் அமர்ந்திருந்தார். சற்று நேரத்தில் ஊர்ப் பெண்ணொருத்தி ஓடிவந்து, இறங்கியவர்களில் ஒருவர் மூழ்கி இறந்துவிட்டார் என்று சொல்கிறாள். சிமோன் கேட்கும் கேள்வி ஒன்றே: இறந்தவருடைய முகமூடியின் நிறம் என்ன? சிவப்பு என்று பதில் வருகிறது. சிமோனுக்கு உயிர் திரும்புகிறது. கணவரின் முகமூடி நீலம். மறுகணமே சிவப்பு முகமூடி துமாவுடையது என்பது நினைவுக்கு வர, வந்த மகிழ்ச்சி இருந்த இடம் தெரியாமல் போகிறது.

தூரத்திலிருந்து கெட்ட செய்தி வரும்போது 'நம்முடையவரா?' என்று கேட்காத உள்ளம் எது? இல்லையென்று அறிந்து ஆறுதல் கொள்ளாத நெஞ்சம் எது? அந்த ஆறுதலுக்காகப் பிறகு நாணாதவர்தாம் எவர்? குடும்பத்தில் ஒருவரை அயலூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த அனுபவமுள்ள எவரும் இந்தச் சில வரிகளைக் கடந்து எளிதில் போய்விட முடியாது. நல்லவேளையாகச் செய்தி பொய்யாயிற்று. ஆனால் பொய்ச் செய்தி அளித்த அந்த ஒரு கணம் மெய்யானது. அதை மறைக்காமல் கணவரிடம் சொன்ன சிமோனின் நேர்மையையும், அதை நூலில் சேர்த்த ஆசிரியரின் நேர்மையையும் நாம் ஒருங்கே மதிக்கிறோம்.

நூலின் குறைகள்

பாராட்டுவதோடு நின்றுவிட்டால் திறனாய்வின் கடமை முடியாது. நமக்குத் தோன்றும் குறைகள் இரண்டைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, இரண்டாம் இணை இறங்கியதைப் பற்றியது. முதல் இருவர் உயிர் தப்பியது எப்படி என்பதும், மயக்கத்தின் காரணம் யாது என்பதும் அறியப்படுமுன்பே மற்ற இருவர் அதே குகைக்குள் சென்றனர். அவர்களின் துணிவை ஐயுற நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்த முடிவை ஆசிரியர் போதிய அளவு விசாரிக்கவில்லை என்பது நம் கருத்து. ஆழத்து மயக்கத்துக்கு அவர்களிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. பெயர் கையில் இருந்தபடியால் வேறு காரணத்தைத் தேட வேண்டுமென்று அப்பொழுதே தோன்றவில்லை. தெரிந்த விளக்கம் தெரியாத ஆபத்தை மறைத்துக்கொண்டது. பொறியின் பிழையை அத்துணை நேர்மையாக ஒப்புக்கொண்ட ஆசிரியர், சிந்தனையில் நேர்ந்த இந்தப் பிழையையும் அதே அளவு தெளிவாக எடுத்துக்காட்டியிருந்தால் அத்தியாயம் முழுமை பெற்றிருக்கும். பொறியைத் திருத்துவது எளிது. முன்முடிவைத் திருத்துவதன்றோ கடினம்?

இரண்டாவது, குகையை வருணிக்கும் நடை. ஊற்றை உயிருள்ள பகைபோல் காட்டும் போக்கு நூலின் பல இடங்களில் தலைகாட்டுகிறது. இறுதியில் வரும் உண்மைக்கும் இந்த நடைக்கும் பொருத்தமில்லை. ஆசிரியர் தாம் அன்று உணர்ந்ததை அவ்வாறே எழுதினார் என்று சமாதானம் கூறலாம். எனினும், குற்றமற்றது என்று தாமே விடுதலை செய்யவிருக்கும் ஒன்றின் மீது வழிநெடுகக் குற்றச்சாட்டுகளை அடுக்குவது வாசகரைச் சற்றே ஏமாற்றுவதாகும்.

இக்குறைகளால் அத்தியாயத்தின் மதிப்புக் குன்றிவிடவில்லை. நேர்மையான எழுத்தையே நாம் இத்துணை நுணுக்கமாகக் குறை கூற முடிகிறது. ஒளித்து எழுதுபவரிடம் குறை காண்பதற்கும் வழியிராது.

பின்வந்தவர்கள்

வோக்ளூஸ் ஊற்று அதன்பின் பலரை ஈர்த்தது. 1981-இல் குளோது துலும்ஜியான் 153 மீட்டர் வரை இறங்கினார். 1983-இல் ஜெர்மானியரான யோகன் ஹாசென்மையர் 205 மீட்டரை எட்டினார். நைட்ரஜன் மயக்கத்தைத் தவிர்க்க ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசித்து இறங்கி, உடலில் கரைந்த வாயு சிறிது சிறிதாக வெளியேறும் பொருட்டு இடையிடையே தங்கித் தங்கிப் பல மணி நேரம் கழித்து மேலேறும் முறை அதற்குள் வளர்ந்திருந்தது. 1985-இல் 'மொதெக்சா 350' என்னும் ஆளில்லாக் கருவி 308 மீட்டர் ஆழத்தில் மணற்படுகையைக் கண்டது. 1946-இல் நால்வர் தொட்ட இடம் அந்த ஆழத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆழத்தையே அளவுகோலாகக் கொண்டால் கூஸ்தோவின் அத்தியாயம் என்றோ காலாவதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. காரணம், அதன் பயன் ஆழத்தைச் சார்ந்ததன்று.

குகை முக்குளிப்பில் பெரும்பெயர் பெற்ற அமெரிக்கர் ஷெக் எக்ஸ்லி 1979-இல் ஒரு சிறு கையேட்டை வெளியிட்டார். விபத்தொன்றைச் சொல்லி, அது எப்படி நேர்ந்தது என்று ஆராய்ந்து, அதிலிருந்து ஒரு விதியைப் பெறுவது அதன் முறை. வெளியே திறந்த நீர்வரை அறுபடாத வழிகாட்டிக் கயிறு இருக்க வேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே உட்செல்லச் செலவிட்டு எஞ்சியதைத் திரும்பிவரக் காக்க வேண்டும். தகுதிக்கு மீறிய ஆழத்துக்குப் போகலாகாது. இவ்வளவே அதன் சாரம். இவ்விதிகளைக் கற்றுப் பிழைத்தவர்கள் பலர். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் திரும்பி வராத சிலர் இருக்கிறார்கள். எக்ஸ்லியும் 1994 ஏப்ரல் 6-ஆம் நாள், மெக்சிகோவின் சகாத்தோன் என்னும் ஆழ்சுனையில் 300 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தை எட்ட முயன்றபோது உயிர் நீத்தார்.

இன்று ஆழ்குகையில் இறங்குவோர் ஒவ்வொரு சிலிண்டரிலும் உள்ள வாயுவைத் தாமே சோதித்து, அளவை அதன் மேல் எழுதி ஒட்டிய பிறகே நீரில் இறங்குகின்றனர். வோக்ளூசில் அன்று செய்யப்படாதது அந்த ஒரு சோதனைதான். பிழையை மறைக்காமல் எழுதும் எழுத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு. அது படித்தவரை மகிழ்விப்பதோடு, பின்னால் இறங்குபவரை மேலே கொண்டுவந்து சேர்க்கிறது.

மோரிஸ் ஃபார்க்

முடிக்குமுன், கயிற்றின் மேல்முனையைப் பிடித்திருந்த மனிதரிடம் மீண்டும் செல்ல வேண்டும்.

வோக்ளூஸ் நிகழ்ச்சிக்கு ஓராண்டு கழித்து, 1947 செப்டம்பரில், அக்வாலங் கருவியோடு மனிதர் எவ்வளவு ஆழம் செல்லக்கூடும் என்று அக்குழுவினர் கடலில் சோதித்தனர். நெடுங்கயிற்றில் குறித்த ஆழங்களில் எழுதுபலகைகள் கட்டப்பட்டிருந்தன. இறங்குபவர் தாம் எட்டிய ஆழத்துக்குச் சான்றாகப் பலகையில் கையெழுத்திட வேண்டும். அந்த முறை இறங்கியவர் ஃபார்க். கயிற்றின் மேல்முனையில் நின்றவர்கள் மற்றவர்கள். சற்று நேரம் நலம் என்னும் சைகை வந்துகொண்டிருந்தது. பின் நின்றுவிட்டது. இழுத்தார்கள். மேலே வந்தபோது காற்றுக் குழாயின் முனை அவர் வாயில் இல்லை. உயிர்ப்பிக்க முயன்ற முயற்சிகள் பலிக்கவில்லை. 120 மீட்டர் ஆழத்திலிருந்த பலகையில் அவர் கையெழுத்து இருந்தது. அக்வாலங்குடன் அவ்வளவு ஆழம் அதற்குமுன் எவரும் சென்றதில்லை.

வோக்ளூஸ் குகையிலிருந்து தம்மையும் துமாவையும் மீட்டவர் ஃபார்க் என்பதையும், அவரைத் தம்மால் மீட்க இயலாமற்போனதற்கு ஆறுதல் இல்லை என்பதையும் ஆசிரியர் மிகச் சில சொற்களில் பதிவு செய்கிறார். விளக்கம் இல்லை, புலம்பல் இல்லை. ஆனால் அந்தச் சொற்களைப் படித்த பிறகு, குகையைப் பற்றிய அத்தியாயத்துக்கு நாம் திரும்பிப் போனால் அது வேறு எழுத்தாகத் தோன்றுகிறது. மெல்லிய அதிர்வைக் கேட்டு, உறுதியில்லாமலே, வசவுக்கு அஞ்சாமல் கயிற்றை இழுத்த அந்தக் கைகளுக்கு இன்னும் ஓராண்டு வாழ்நாள்தான் இருக்கிறது என்பதை நாம் இப்போது அறிவோம். எழுதிய காலத்தில் ஆசிரியரும் அறிந்திருந்தார். ஃபார்க்கைப் பற்றி ஒரு குறைச் சொல்லும் அங்கு இல்லாததன் காரணம் இப்போது நமக்குக் கூடுதலாக விளங்குகிறது.

இந்நூலைத் தேடிப் படிக்கும் இளைஞர்கள் இந்த அத்தியாயத்தை இரண்டு முறை படிக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். முதல் முறை, இருளில் தம் பெயரையும் நோக்கத்தையும் மறந்து கயிற்றைத் தேடித் துழாவும் கூஸ்தோவோடு படிக்கட்டும். சாகசம் அங்கே இருக்கிறது. இரண்டாம் முறை, வெயிலில் பாறை மேல் நின்று, கையிலுள்ள கயிறு என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்கும் ஃபார்க்கோடு படிக்கட்டும். நம்மில் பெரும்பாலோர்க்கு வாய்க்கும் இடம் அதுவே.